இரண்டாம் பாகத்துத் தோணிக்காரர்

கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவனுக்கு நாள் முழுக்க ஒரே கேள்விதான். இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு லென்ஸைப் போட்டு, அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, "முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா, இப்ப போட்டது தெளிவா இருக்கா?" என்று கேட்க வேண்டும். வருகிறவர்கள் திணறுவார்கள். "ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது" என்பார்கள். அவனும் முகம் சுளிக்காமல் மறுபடி மாற்றிப் போடுவான். அவ்வளவு நிதானமான ஆள், 'சாம்பல் மகுடம்' என்று பேச்சு வந்துவிட்டால் மட்டும் நிதானத்தைக் கழற்றி வைத்துவிடுவான்.

சாம்பல் மகுடம் ஒரு வீடியோ கேம் வரிசை. வாள், மந்திரம், பூதம், இடிந்த கோட்டை எல்லாம் உண்டு. நாமே ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் கட்டிக்கொண்டு ஒரு பெரிய தேசம் முழுக்கத் திரியலாம். நான்கு பாகங்கள் வந்திருந்தன. கண்ணாடிக்காரன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வந்தது இரண்டாம் பாகம். அவனைப் பொறுத்தவரை உலகம் அதோடு முழுமை பெற்றுவிட்டது. நான்காம் பாகம் வந்த நாளிலிருந்து அவனுக்கு வயிற்றெரிச்சல். கடைக்கு வருகிறவர்கள் தாடையை இயந்திரத்தில் பொருத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள், பாவம், எழுந்து ஓடவும் முடியாது. அவர்களிடம் கொட்டித் தீர்ப்பான்.

வீட்டில் அவனும், தையல் வேலை செய்யும் அம்மாவும், லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணனும் இருந்தார்கள். அண்ணன் வாயைத் திறப்பதே அபூர்வம். அப்படிப்பட்டவன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தானாகவே பேசினான்.

"அம்மா, எனக்கு ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கு. லிஃப்ட்ல பேசுற பொண்ணு."

"லிஃப்டுக்குள்ள நின்னு யார்கிட்டடா பேசுறா?"

"நிக்கலம்மா. 'கதவு மூடுகிறது, விலகி நிற்கவும்'னு ஒரு குரல் வருமில்ல? அந்தக் குரல்."

மாடி எண்ணிக்கையில் ஏதோ குளறுபடி ஆகி, அவளை மறுபடி பதிவுக்கு அழைத்திருக்கிறார்கள். சரியாக ஒலிக்கிறதா என்று பார்க்க இவனை அனுப்பியிருக்கிறார்கள். பார்த்தது அதை மட்டுமல்ல. அடுத்த சில மாதங்களில் கல்யாணம் முடிந்து அண்ணி வீட்டுக்கு வந்தாள்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு மேசையில் கண்ணாடிக்காரன் சும்மா இருந்திருக்கலாம். அண்ணிதான் மரியாதைக்காக, "தம்பிக்கு கேம்னா ரொம்பப் பிடிக்குமாமே?" என்று கேட்டு வைத்தாள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

"இரண்டாம் பாகத்துல ஒருத்தர்கிட்ட வழி கேட்டா வழி சொல்வாரு அண்ணி. 'உடைந்த பாலத்தைத் தாண்டி, கழுதை போலிருக்கும் பாறையருகே திரும்பு'ன்னு எழுத்துல வரும். நாமதான் அதைப் படிச்சுத் தேடிப் போகணும். நாலாம் பாகத்துல? ஒரு மஞ்சள் அம்பு! கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விட்டுடும். கண்ணை மூடிட்டுக்கூட விளையாடலாம்."

"வேலை முடிச்சுக் களைச்சு வர்றவங்களுக்கு அம்பு இருந்தா நல்லதுதானே தம்பி? பாறையைத் தேடியே தூங்கிடுவாங்களே."

"சரி, அதை விடுங்க. இரண்டாம் பாகத்துல முக்கியமான ஆளைக்கூடக் கொல்லலாம். கொன்னா செத்துடுவான். நாலாம் பாகத்துல வெட்டினா முழங்கால் போட்டு உட்கார்ந்துட்டு, மூச்சு வாங்கிட்டு, எழுந்து மண்ணைத் தட்டிட்டுப் போவான். அதையும் விடுங்க. குரல்! எல்லாருக்கும் குரல் வெச்சோம்னு விளம்பரம் பண்ணாங்களே, பொம்பளைங்க அத்தனை பேருக்கும் ஒரே குரல் அண்ணி! பிச்சைக்காரியும் அவதான், மகாராணியும் அவதான். அதுவும் மூக்கடைச்சுக்கிட்டு!" என்று சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு நடித்தே காட்டினான். "'தர்மம் பண்ணுங்கள் ஐயா' — இது பிச்சைக்காரி. 'வாரும் வீரரே, நமது கோட்டை உமக்காகக் காத்திருக்கிறது' — இது ராணி. எங்கிருந்துதான் பிடிச்சாங்களோ!"

மேசைக்கு அடியில் அண்ணன் அவன் காலை மிதித்தான். அண்ணன் கால் நீட்டுகிறான் என்று நினைத்துக் கண்ணாடிக்காரன் தன் காலை நகர்த்திக்கொண்டான்.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். தண்ணீர் குடித்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, "வாரும் வீரரே, நமது கோட்டை உமக்காகக் காத்திருக்கிறது" என்றாள்.

அதே குரல். மூக்கடைப்பு மட்டும் இல்லை.

கண்ணாடிக்காரன் வாயிலிருந்த ரொட்டியை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தான். அம்மா சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறி, அண்ணன் எழுந்து வந்து முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

"நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி," என்றான் கண்ணாடிக்காரன் கடைசியில். "அதாவது... தனித்தனியா கேட்டா."

"தம்பி, எனக்கு யார் பேசுற வசனம்னே சொல்லலை. எல்லாத்தையும் அகர வரிசையில அடுக்கிக் கொடுத்துட்டாங்க. 'அ'வுல ஆரம்பிக்கிறது எல்லாம் முதல்ல, அப்புறம் 'ஆ'. பிச்சைக்காரி எது, ராணி எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுல எனக்கு ஜலதோஷம் வேற. மறுநாள் வரேன்னேன். ஸ்டூடியோவை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சுன்னுட்டாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. அதனால் அவனுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. "சரி, அப்படி என்னதான் இருக்கு உங்க இரண்டாம் பாகத்துல? காட்டுங்க, பார்ப்போம்."

சாப்பிட்ட தட்டுகளைக் கூட எடுக்காமல் பழைய கேம் பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வந்தான். கூடத்தில், அம்மாவின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த டிவியில் இணைத்தான். படம் மங்கல். ஆட்களின் முகங்கள் கத்தியால் செதுக்கின உருளைக்கிழங்கு மாதிரி. அண்ணி பொறுமையாக விளையாடினாள். ஒரு எலியை அடிக்கப் போய், வாள் எலியின் உடம்புக்குள் புகுந்து வெளியே வந்தும் 'தவறிவிட்டது' என்று எழுத்து வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தாள்.

"பட்டுச்சே?"

"படும் அண்ணி. ஆனா பட்டதாக் கணக்கு இல்லை. உங்க திறமை இன்னும் வளரணும்."

"நாலாம் பாகத்துல பட்டா பட்டதுதான்," என்றாள் அண்ணி. அவன் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டான்.

ஆற்றங்கரையில் தோணிக்காரர் வந்தார். வசனம் எழுத்தாகத் திரையில் ஓடியது. தொழில் பழக்கம், அண்ணி அதை உரக்கப் படித்தாள். கிழவரின் குரலில், புகையிலை மென்ற வாயோடு, தண்ணீரையே பார்த்துப் பேசுகிற ஆள் மாதிரி: "அக்கரைக்குப் போகிறவர்கள் எல்லாம் திரும்பி வருகிறேன் என்றுதான் சொல்கிறார்கள். என் மகளும் அப்படித்தான் சொன்னாள்." அம்மாவின் தையல் இயந்திரம் நின்றது.

"ஐயோ, மக எங்க போனா?" என்றாள் அம்மா.

கண்ணாடிக்காரனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, அவர் குரல் அப்படி இருக்காது."

"பின்ன எப்படி இருக்கும்?"

"இத்தனை வருஷமா என் மனசுக்குள்ள அவருக்குன்னு ஒரு குரல் இருக்கு."

"பேசிக் காட்டுங்க, நானும் அப்படியே பேசுறேன்."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த வசனத்தைச் சொன்னான்.

"இது உங்க குரல்தானே?" என்றாள் அண்ணி.

"கொஞ்சம் கட்டையா."

"சரி. இந்தக் கொல்லனுக்கு?"

அவன் யோசித்துப் பார்த்தான். மனசுக்குள் கொல்லனைப் பேச விட்டான். முகம் மாறியது. "அதுவும்... என் குரல்தான்."

"மந்திரவாதி? பூதம்?"

அவன் இரண்டுக்கும் தலையை ஆட்டினான்.

"இதுலயும் ஒரு ராணி இருப்பாங்களே தம்பி. அவங்களுக்கு?"

"அவங்களுக்கும்தான்," என்றான் கண்ணாடிக்காரன் ஈனக்குரலில். ஒரே குரல் என்று ஊரெல்லாம் யாரைத் திட்டித் திரிந்தானோ அவள், பாவம், பெண்களுக்கு மட்டும்தான் பேசினாள். இவன் ஒரு தேசத்துக்கே பேசியிருக்கிறான். அண்ணி அதைச் சொல்லிக் குத்திக் காட்டவில்லை. அம்மாதான் விடவில்லை, "ராணியம்மாவுக்கு மீசை உண்டாடா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தைக்கத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு சாயங்காலங்கள் இதிலேயே போயின. அண்ணி விளையாடுவாள், எல்லாருக்கும் பேசுவாள். கொல்லனுக்கு ஒரு குரல், சத்திரக்காரிக்கு ஒரு குரல். வழி தெரியாமல் அலைந்தபோது கண்ணாடிக்காரன் கொள்கைக்காக வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கழுதை மாதிரி இருக்கும் பாறையைக் கடைசியில் அம்மாதான் கண்டுபிடித்தாள்.

அப்புறம் அந்த விபத்து நடந்தது. ஆற்றங்கரையில் மறுபடி அதே எலி. இப்போது அண்ணிக்குத் திறமை நன்றாகவே வளர்ந்திருந்தது. வாளை ஓங்கி வீசினாள். எலி ஒதுங்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத் தோணிக்காரர் குறுக்கே வந்தார்.

திரையில் எழுத்து வந்தது: 'தோணிக்காரர் இறந்தார். இனி இக்கதைக்கு முடிவு கிடையாது. விருப்பமிருந்தால் நடந்துகொண்டிரு.'

அம்மா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்தே விட்டாள். "அடிப்பாவி! என்னம்மா பண்ணிட்ட?"

"நான் எலியைத்தான் அத்தை..."

"பார்த்தீங்களா!" கண்ணாடிக்காரனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இதுதான் பழசோட பெருமை. செஞ்சா செஞ்சதுதான்!"

"பெருமையாவது வெங்காயமாவது! மனுஷன் செத்துக் கிடக்கான், உனக்குப் பெருமையாடா?" என்று அம்மா அவன் மேல் பாய்ந்தாள். "உங்க நாலாம் பாகமே தேவலைம்மா. எழுந்து மண்ணைத் தட்டிட்டுப் போயிருப்பாரு."

"சரி, சரி. விளையாட்டை முன்னாடி சேமிச்சு வெச்ச இடத்துக்கே திரும்பிப் போயிடலாம், அவர் உயிரோட இருப்பாரு. நானும் எப்பவும் அப்படித்தான் செய்வேன்," என்று அவன் கன்ட்ரோலரை வாங்கக் கையை நீட்டினான்.

அண்ணி கொடுக்கவில்லை. "செஞ்சா செஞ்சதுதான்னு இப்பத்தானே சொன்னீங்க?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அந்தப் பொண்ணுக்கு யாராவது போய்ச் சொல்லணுமில்ல?" என்றாள் அண்ணி. தோணியை அவளே செலுத்திக்கொண்டு அக்கரைக்குப் போனாள். சந்தையில் மீன் விற்கும் மகளைத் தேடிப் பிடித்தாள். கண்ணாடிக்காரன் அசட்டையாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அந்த மகளிடம் இருப்பது ஒரே வசனம், மீன் விலை பற்றியது, அவனுக்கு மனப்பாடம்.

திரையில் வந்தது அந்த வசனம் இல்லை. 'ஆற்றின் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. துடுப்பைத் தரையில் விடாதே, அவருக்குப் பிடிக்காது. இனி யார் தோணி விடுவார்கள்? நீ விடுவாயா?'

அண்ணி இதை மெதுவாகப் படித்தாள். இந்த முறை குரலை மாற்றக்கூட இல்லை.

கண்ணாடிக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இது... இது நான் பார்த்ததே இல்லை அண்ணி."

"எப்படிப் பார்ப்பீங்க? அவர் செத்த உடனே பின்னாடி போயிடுவீங்களே."

எத்தனை வருஷம்! எந்த வீட்டு அலமாரியில் எந்தக் குடுவை இருக்கிறது என்பது வரை தெரிந்த தேசத்தில், தனக்குத் தெரியாமல் ஒரு பெண் இத்தனை காலமும் இதைச் சொல்லக் காத்துக்கொண்டு மீன் விற்றிருக்கிறாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

அண்ணி 'விடுவேன்' என்பதை அழுத்தினாள். அன்றிலிருந்து அவள் தோணிக்காரி. பூதத்தை யாரும் கொல்லவில்லை, மகுடத்தை யாரும் மீட்கவில்லை. இக்கரைக்கும் அக்கரைக்கும் தோணி போய்க்கொண்டே இருந்தது. ஏறுகிறவர்கள் கதை சொன்னார்கள். எந்தப் படையில் சேர்ந்தோம் என்பதை மறந்துபோன ஒரு சிப்பாய், இரண்டு கரையிலும் குடும்பம் வைத்திருந்த ஒரு பாத்திர வியாபாரி. அவனை நடு ஆற்றில் தள்ளிவிடச் சொல்லி அம்மா அண்ணியை எவ்வளவோ கெஞ்சினாள்.

இடையில் ஒரு விடுமுறை நாளில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, கண்ணாடிக்காரன் நான்காம் பாகத்தைப் போட்டான். மஞ்சள் அம்பைக் கண்டுகொள்ளாமல் ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தான். இப்போது அவனுக்கு எல்லாம் வேறு மாதிரி கேட்டது. 'அ'வில் ஆரம்பிக்கும் வசனங்களில் காலை நேரத்துத் தெம்பு. "அய்யோ, என் கணவரைக் கொன்றுவிட்டார்களே!" என்று ஒருத்தி பல் விளக்கி முகம் கழுவின உற்சாகத்தோடு சொன்னாள். 'க'வில் லேசாகக் கரகரப்பு. 'ப'வில் இரண்டு தும்மலை அடக்கிக்கொண்டது தெரிந்தது. 'வ' வரும்போது பாவம், மகாராணிக்கு மூச்சே விட முடியவில்லை. "ஒரு சுக்கு... ஒரு வெந்நீராவது கொடுத்திருக்கலாமே படுபாவிங்க," என்று டிவியைப் பார்த்துத் திட்டினான்.

அன்று சாயங்காலம் அண்ணி துடுப்பு போட்டுக்கொண்டிருந்தபோது இடையன் ஒருவன் ஆட்டோடு வந்து தோணியில் ஏறினான். இடையனுக்கு இந்த முறை கண்ணாடிக்காரனையே பேசச் சொன்னாள். அவன் சுமாராகப் பேசினான். அடுத்து ஆட்டின் பேரில் எழுத்து வந்தது: 'மே.'

"மே," என்றது ஒரு குரல்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவோரம் நாற்காலியில், ஸ்பேனரைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்த அண்ணன்.

அண்ணி சிரிக்கவில்லை. தொழில்காரி. "நல்லா இருக்கு. கொஞ்சம் சந்தேகத்தோட சொல்லுங்க."

அண்ணன் சற்று யோசித்தான். "மே?"

"அதேதான்!"

அக்கரை வந்தது. இடையன் இறங்கினான். அண்ணி எந்தப் பொத்தானை அழுத்தியும் ஆடு இறங்கவில்லை. பழைய கேம், எங்கோ ஏதோ கோளாறு. கண்ணாடிக்காரன் தயங்கித் தயங்கி, நான்காம் பாகத்தில் இதையெல்லாம் சரிசெய்துவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டான்.

"எதுக்குச் சரிபண்ணணும்?" என்றாள் அம்மா, ஊசியில் நூலைக் கோத்தபடி. "அது பாட்டுக்கு ஒரு ஓரமா நிக்கட்டும். அடுத்த ஆளை ஏத்து."