கூப்பிட்டால் நிற்கிறவர்

மஸ்தானின் காலில் வேகம் இருந்தது. அதில் கோவில்பட்டியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சந்தேகமெல்லாம் அவன் கையைப் பற்றித்தான். ரோட்டோரத்திலிருந்து யாராவது ஒரு குரல் கொடுத்துவிட்டால் போதும், அவனைக் கேட்காமலே அந்தக் கை பிரேக்கைப் பிடித்துவிடும்.

அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. பிழைப்பு அப்படி. விடிந்ததும் சேலை மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெற்கே கிளம்பினால், ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் பொழுது அடையத்தான் திரும்புவான். கரிசல் காட்டில் களை வெட்டிக்கொண்டிருக்கிற ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "ஏ, சேலைக்கார அண்ணாச்சி" என்று கூப்பிடுவாள். அந்தக் குரலுக்கு நின்றால்தான் வீட்டில் உலை கொதிக்கும். பல வருஷமாக நின்று நின்று அது கைக்கே பழக்கமாகிவிட்டது. புத்திக்கு அதில் வேலையே இல்லை.

இப்படிப்பட்டவனுக்குத்தான் சைக்கிள் ரேஸ் ஆசை வந்தது. வருஷா வருஷம் சுதந்திர தினத்தன்று வாலிபர் சங்கத்தார் ஒரு பந்தயம் நடத்தினார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கயத்தாறு வரை போய்த் திரும்ப வேண்டும். முதல் பரிசு, காகிதம்கூடப் பிரிக்காத புதுச் சைக்கிள். மஸ்தான் ஓட்டிக்கொண்டிருந்ததோ அல்லாபிச்சை கடை வாடகைச் சைக்கிள். ஓடினாலும் வாடகை, மழைக்கு முடங்கிக் கிடந்தாலும் வாடகை. சொந்தமாக ஒரு சைக்கிள் இருந்தால் அந்த வாடகை வீட்டில் தங்கும், மனைவி மெஹருன்னிசா ராத்திரிக் கஞ்சியில் தண்ணீரைக் கூட்ட வேண்டியிருக்காது. அந்தப் புதுச் சைக்கிளை நினைத்தால் அவனுக்குத் தூக்கம் வராது.

போன வருஷமே கலந்துகொண்டான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தான். வழியில் இடைசெவல் என்ற ஊரில் பெருமாயி என்கிற வாடிக்கைக்காரி, "ஏய்யா மஸ்தானு, நீரு குடுத்த சேலை சாயம் போகுதய்யா" என்று ஒரு சத்தம் போட்டாள். அவ்வளவுதான், நின்றுவிட்டான். நின்றதோடு விட்டானா? இறங்கி, சேலையைக் கையில் வாங்கி வெயிலில் விரித்துப் பார்த்து, கல்லுப்பு போட்டு அலசும்படி பக்குவமும் சொல்லிவிட்டு ஏறினான். திரும்பி வந்தபோது பஸ் ஸ்டாண்டில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரேசுக்குப் போனியா, ஏவாரத்துக்குப் போனியாடே?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அந்தக் கேள்வி ஒரு வருஷம் முழுக்க அவன் பின்னாலேயே வந்தது.

இந்த வருஷம் அவன் விடுவதாக இல்லை. மில்லில் வேலை பார்க்கும் கிட்டு மதுரையிலிருந்து வளைந்த ஹேண்டில்பார் வைத்த சைக்கிள் வாங்கி வந்திருந்தான். காலில் கேன்வாஸ் ஷூ வேறு. மஸ்தானுக்கு வாய்த்தது வெறுங்காலும் வாடகைச் சைக்கிளும். அல்லாபிச்சையிடம் போய்க் கெஞ்சி, ஸ்டாண்டு, கேரியர், செயின் கவர், மணி எல்லாவற்றையும் கழற்ற அனுமதி வாங்கினான். மட்கார்டில் மட்டும் கை வைக்க அவர் சம்மதிக்கவில்லை.

"மட்கார்டுலதாம்டே கடைப் பேரு எழுதியிருக்கு. நீ தோத்தாலும் எம் பேரு கயத்தாறு வரைக்கும் போய்ட்டு வரும்லா" என்றார் அவர்.

பழகுவதற்கென்று அவனுக்குத் தனி நேரம் ஏது? மூட்டையோடு போவதே பழக்கம் என்று வைத்துக்கொண்டான். ஆடி மாதத்து மேல்காற்று பக்கவாட்டில் அறையும்போது, முதுகுக்குப் பின்னால் ஆளுயர மூட்டையோடு மிதித்துப் பார்த்தவனுக்கு, வெறும் சைக்கிள் பஞ்சு மாதிரித்தான் இருந்தது. பந்தயத்துக்குப் போட ஒரு கால்சட்டையை மெஹருன்னிசா, விற்காமல் கிடந்த துண்டுத் துணியில் கையாலேயே தைத்துக் கொடுத்தாள். துணியில் சிவப்புச் சிவப்பாகப் பூப் போட்டிருந்தது.

"இதப் போட்டுக்கிட்டு நான் எப்படி வெளிய எறங்க?" என்றான் மஸ்தான்.

"வேகமாப் போனீயன்னா பூ தெரியாது" என்றாள் அவள்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால், சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மெஹருன்னிசா தெற்கே போகிற பஸ்ஸில் ஏறினாள். சாயங்காலம் திரும்பி வந்தவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. சின்னம்மா வீட்டில் நல்ல சாப்பாடு போலிருக்கிறது என்று மஸ்தான் நினைத்துக்கொண்டான்.

பந்தயம் காலையிலேயே தொடங்கியது. பூப்போட்ட கால்சட்டையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அவன் ஊரைத் தாண்டிவிட்டான். கிட்டு முன்னால், அவன் பின்சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு மஸ்தான், மற்றவர்களெல்லாம் வெகு பின்னால். காற்று மேற்கிலிருந்து அடித்தது. மஸ்தானுக்குக் காற்று ஒரு பொருட்டாகவே இல்லை. இடைசெவலை நினைத்துத்தான் பயம். யார் கூப்பிட்டாலும் நிற்கக் கூடாது, யார் கூப்பிட்டாலும் நிற்கக் கூடாது என்று மிதிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே போனான்.

இடைசெவல் வந்தது. யாருமே கூப்பிடவில்லை.

ரோட்டோரம் வேப்பமரத்தடியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாம் அவன் விற்ற சேலைகள், எல்லாம் தெரிந்த முகங்கள். ஒருத்தி வாயிலிருந்தும் சத்தம் இல்லை. ஒவ்வொருத்தியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவனையே பார்த்தாள். பெருமாயி போ போ என்பது போலக் கையை மட்டும் ஆட்டினாள்.

மஸ்தானுக்குப் பகீரென்றது. ஊர்ப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றால், அது சாவு, துட்டி அல்லாமல் வேறென்ன? யாரைக் காணோம் என்று அவன் கண் அந்த வரிசையில் ஓடியது. வள்ளித்தாயைக் காணோம். நிறைமாதக்காரி. போன வாரம்தான் பிள்ளையைச் சுற்ற மெத்தென்று ஒரு துணி வேண்டும் அண்ணாச்சி என்று கேட்டிருந்தாள். மூட்டையின் அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

கை பிரேக்கைப் பிடித்தது. இந்தத் தடவை கை மட்டுமல்ல, அவனும் சேர்ந்தேதான் பிடித்தான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து நின்றான்.

"யக்கா, வள்ளித்தாய் எங்க? அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?"

பெருமாயி முந்தானையை உதறினாள். "கெடுத்தீரே காரியத்த. அவளுக்கு என்ன, விடியக்கருக்கல்ல பொம்பளப் புள்ளயப் பெத்துப்போட்டுச் சொகமாப் படுத்திருக்கா."

"பின்ன ஏன் எல்லாரும் இப்படி நிக்கிய?"

"உம்ம வீட்டம்மாதாம்யா. மெனக்கெட்டு பஸ் ஏறி வந்து, 'அவியள யாரும் கூப்புட்ராதீய மதினி, கூப்புட்டா நின்னுருவாவ'ன்னு வீடு வீடாச் சொல்லிட்டுப் போச்சு. பாத்தா கூப்புடாம இருக்க முடியாதேன்னு எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு நிக்கோம். நீரு கூப்புடாததுக்கும் நிக்கீரே. ஏறும்யா, ஏறிப் போவும்."

கிட்டு அதற்குள் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருந்தான். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். மஸ்தான் ஏறி மிதித்தான். பந்தயம் கைவிட்டுப் போய்விட்டதே என்று வயிறு எரிந்தது. வள்ளித்தாய் நன்றாக இருக்கிறாள் என்று மனசு குளிர்ந்தும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அவன் காலில் இறங்கின. தாண்டிப் போனவர்களைத் திரும்பத் தாண்டினான். கயத்தாற்றில் வளைந்து திரும்பும்போது கிட்டுவின் சட்டை தெரிந்தது. வெயில் ஏற ஏறக் கிட்டுவைக் காற்று மூச்சு வாங்க வைத்தது. மறுபடியும் இடைசெவலை நெருங்கியபோது இருவருக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி நீளம்தான் இருக்கும்.

இப்போது வேப்பமரத்தடியில் யாரும் வாயைப் பொத்தவில்லை.

"நிக்காதீரும்" என்று பெருமாயி தொடங்கிவைத்தாள். "நிக்காதீரும் அண்ணாச்சி, நிக்காதீரும்" என்று ஊரே கத்தியது. மஸ்தானின் விரல்கள் பிரேக்கைத் தொட்டன, தொட்டுவிட்டு விலகின. இந்த ரோட்டில் இத்தனை வருஷமும் கேட்டதெல்லாம் நில்லும் என்ற குரல்தான். போ என்று ஒரு ஊரே கத்தி அவன் கேட்டதே இல்லை. கண்ணில் தண்ணீர் கட்டியது, காற்றுத்தான் என்று சொல்லிக்கொண்டு மிதித்தான்.

ஆனாலும் கிட்டுதான் ஜெயித்தான். ஒரு சைக்கிள் தூரம். இடைசெவலில் நின்று பேசியதைக் கழித்தால் யார் முதலில் வந்திருப்பார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டார்கள். பேசி என்ன, புதுச் சைக்கிளைக் கிட்டு உருட்டிக்கொண்டு போனான். மஸ்தான் அது தெரு முக்குத் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றான். வலிக்கத்தான் செய்தது.

இரண்டாம் பரிசாக அவனுக்கு ஒரு ஜோடி டயர் கொடுத்தார்கள். மெஹருன்னிசா அதை அவன் இரண்டு தோளிலும் மாலையாகப் போட்டுப் பார்த்தாள். "டயர் வந்தாச்சு. இனி நடுவுல உள்ள சைக்கிள் மட்டுந்தான வாங்கணும்" என்றாள். அதற்கப்புறம் அவனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மத்தியானம் கைலிக்கு மாறி, கேரியரை மறுபடி மாட்டி, மெஹருன்னிசாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு இடைசெவலுக்கு மிதித்தான். தோற்ற சேதியைத் தன் வாயால் சொல்லிவிட வேண்டும், அப்படியே பிள்ளையையும் பார்க்க வேண்டும். வள்ளித்தாய் வீட்டில் பெருமாயியும் இன்னும் நாலு பெண்களும் இருந்தார்கள்.

"ரெண்டாவதுதான் வந்தேன்" என்றான்.

பெருமாயி தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "நாங்க சும்மா கத்திக்கிட்டே நின்னுருக்கணும். நீரு பாட்டுக்குப் போயிருப்பீரு."

"கத்தியிருந்தா அப்பவும் நின்னுருப்பேன் யக்கா" என்றான் மஸ்தான். மெஹருன்னிசா முதலில் சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

பாயில் படுத்திருந்த வள்ளித்தாய் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சீனித் தண்ணீர் இருந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள். யார் கையால் வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று இந்தப் பக்கத்தில் நம்பிக்கை. அதனால் ஆள் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

"அண்ணாச்சி, புள்ளைக்கு இன்னும் சேனை வைக்கல. உங்களுக்காவத்தான் வச்சிருக்கோம். எங்க வீட்டுக்காரவியளுக்கும் சம்மதம்" என்றாள் வள்ளித்தாய்.

மஸ்தான் பின்வாங்கினான். "எனக்கா? தோத்துட்டு வந்திருக்கேன் தாயி. செயிச்சவன் கையால வைங்க. வேணும்னா கிட்டுவக் கூட்டிட்டு வாரேன்."

"வேகமாப் போக அவளே படிச்சுக்கிடுவா அண்ணாச்சி. என்னக் காணலன்னு நீங்கதான நின்னீய."

மஸ்தான் தன் வலது கையைப் பார்த்தான். நகத்துக்குள் செயின் மசி அப்பியிருந்தது. முற்றத்துக்குப் போய் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். டீக்கடையில் சிரித்ததும், புதுச் சைக்கிள் முக்குத் திரும்பியதும் நினைவுக்கு வந்தன. எல்லாம் இந்தக் கை செய்த வேலைதான். ஆனால் இப்போது அதன்மேல் அவனுக்குக் கோபம் இல்லை.

உள்ளே வந்து பிஸ்மில்லா சொல்லி, சுண்டுவிரலைச் சீனித் தண்ணீரில் நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்தான். அது நாக்கைச் சுழற்றிப் பார்த்துவிட்டு விரலைக் கெட்டியாகக் கவ்விக்கொண்டது. அவன் கொடுத்திருந்த துணிதான் அதைச் சுற்றியிருந்தது.

வாசலில் யாரோ சைக்கிளைப் பார்த்திருக்க வேண்டும். "ஏ, சேலைக்கார அண்ணாச்சி, மூட்டை கொண்டாரலையா?" என்று ஒரு குரல் வந்தது. மஸ்தானின் தலை திரும்பியது, பிள்ளை விரலை விடவில்லை. மெஹருன்னிசா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்த பொறுங்க தாயி" என்றான் அவன் வாசலைப் பார்த்து. "இங்கன ஒருத்தி புடிச்சு நிறுத்தி வச்சிருக்கா."