கதவுக்குக் கீழே ஒரு சாண்

உப்புத்தாளை மட்டும் யாரும் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் மனிதகுலம் எப்போதோ உருப்பட்டிருக்கும் என்பது தம்பியின் அசைக்க முடியாத கொள்கை. உரிந்த பெயிண்ட் என்பது வேறொன்றுமில்லை, மேலே இன்னொரு பெயிண்டுக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் பெயிண்ட்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் வண்டியில் கதவுகளுக்குக் கீழே, சக்கரம் கல்லை வாரியடிக்கும் இடமெல்லாம் பெயிண்ட் உரிந்து துரு எட்டிப்பார்த்தது. நாலு மணிக்கு ஆர்.டி.ஓ. அலுவலக அதிகாரி வண்டியைப் பார்க்க வருகிறார். துரு கண்ணில் பட்டால் பயிற்சி வண்டிக்கான அனுமதி போச்சு. அவள் பிழைப்பும் போச்சு.

ஆளுக்கொரு பக்கம் என்று பிரித்துக்கொண்டார்கள். அக்கா ஈர உப்புத்தாளால் தேய்த்தாள், துடைத்தாள், கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினாள். விளிம்பு தட்டினால் மறுபடி தேய்த்தாள்.

"என்னக்கா, வண்டிக்குக் காய்ச்சலா? தொட்டுத் தொட்டுப் பாக்கிற?"

"உன் பக்கத்தப் பாருடா. பொங்கி நிக்கிற பெயிண்டெல்லாம் சுரண்டியாச்சா?"

"சுரண்டுறது எலி வேலைக்கா."

கதவில் தெறிக்காமலிருக்க டேப் ஒட்ட வேண்டும். பெயிண்ட் வேலைக்கான டேப் தீர்ந்திருந்தது. தம்பி பார்சல் கட்டும் பழுப்பு டேப்பை எடுத்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்தி ஒட்டினான். சுரண்டாமல், தேய்க்காமல் உரிந்த பெயிண்டின் மேலேயே ஸ்ப்ரே அடித்தான். பளபளவென்றுதான் இருந்தது. சற்றுக் காயவிட்டு டேப்பின் நுனியைப் பிடித்தான்.

"மெதுவாடா..."

சர்ரென்று இழுத்தான்.

டேப் வந்தது. கூடவே கதவின் பழைய பெயிண்டும் ஒரு சாண் அகலத்துக்குத் தோலுரித்தாற்போல் வந்தது. அடியில் பழுப்பாய்த் துரு. கீழே புதுப் பெயிண்ட் பாலாடை போலச் சுருங்கிக்கொண்டிருந்தது.

அக்கா சுற்றி வந்து பார்த்தாள். குனிந்து துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"திட்டிடுக்கா."

"திட்ட ஏது நேரம்?" அவள் பிரைமர் டப்பாவைக் கையில் எடுத்தாள். "துருவ எடுத்துட்டு இந்த அடிப்பூச்சு பிரைமர் மட்டும் அடிச்சிருந்தாக்கூட விட்ருவாரு. துரு இருந்தா விடவே மாட்டாரு."

போன் அடித்தது. எடுத்துப் பேசினாள். "சரி சார்... வாங்க சார்." போனை வைத்தாள். "ஆபீசரு கெளம்பிட்டாராம்."

அவள் பிரைமரோடு தன் பக்கம் ஓடினாள். தம்பி தண்ணீர் வாளியையும் உப்புத்தாளையும் இழுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். சுரண்டினான். விரல் எரிய எரியத் தேய்த்தான், துடைத்தான். அக்கா பார்க்கிறாளா என்று ஒருமுறை எட்டிப்பார்த்தான். பிறகு கண்ணை மூடி, உள்ளங்கையால் தகரத்தைத் தடவினான்.

விளிம்பு தட்டியது. தாளை மறுபடி நனைத்தான்.