கண் அழுத்தம் சரியாகத்தான் இருந்தது

மகள் சேரினுக்கும் இப்படித்தான் பார்வையின் ஓரம் கரைந்துகொண்டிருக்குமோ? கரைந்தாலும் அவளுக்குத் தெரியவா போகிறது? எனக்கே தெரியவில்லையே.

சோயா முளைகளின் வாலைக் கிள்ளியபடி மல்ஹி இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடமாக உடல் பரிசோதனைச் சீட்டில் 'கண் அழுத்தம் சரி' என்றுதான் வந்தது. கண் நரம்பைப் படமெடுக்கத் தனிக் கட்டணம். படிவத்தில் அதற்கான கட்டத்தில் 'வேண்டாம்' என்று ஒவ்வொரு வருடமும் குறி போட்டது அவள் கைதான். இந்த நாட்டு ஜனங்களில் பலருக்கு அழுத்தம் சரியாக இருக்கும்போதே நரம்பு பட்டுப்போகிறது என்று போன மாதம்தான் கண் டாக்டர் சொன்னார். போன பார்வை போனதுதான். மருந்து மிச்சத்தைக் காக்கும். மகளையும் உடனே கூட்டிவரச் சொன்னார்.

"சேரின்கிட்ட இப்போ வாயைத் திறக்காதே," என்றாள் நாத்தனார் பொங்ரே. "சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரோட விருந்து. பரம்பரை வியாதின்னு காதுல விழுந்தா மாப்பிள்ளையோட அம்மா நம்ம பொண்ணை அரிசி மாதிரி சலிச்சுப் பார்ப்பா."

"எத்தனை நாளைக்கு அண்ணி?"

"கல்யாணம் முடியட்டும், இன்னும் ஆறு மாசம்தானே. யார் கேட்டாலும் கண்ணு வறட்சின்னு சொல்லு."

கணவன் தொக்சு சோபாவில் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். "ஆறு மாசத்துல கண்ணு எங்க ஓடிடப் போவுது?"

"எனக்கு ஓடிப்போச்சே."

"உனக்கு எல்லாத்துலயும் அவசரம்," என்று சிரித்தான்.

பொங்ரே இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். தலையைத் திருப்பினால்தான் தெரிவாள். முப்பது வருடமாக அந்த முகத்தின் சுளிப்பைப் பார்த்துப் பார்த்தே மல்ஹி தன் பேச்சை அளந்திருக்கிறாள். இப்போது திரும்ப வேண்டும் என்று தோன்றவில்லை. கண் போனதில் கிடைத்த லாபம் இது ஒன்றுதான்.

கைப்பேசி அடித்தது. சேரின். மல்ஹி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, டாக்டர் என்னதான் சொன்னாரு? வெறும் கண்ணு வறட்சின்னு அப்பா சொல்றாரு."

பொங்ரேயின் கை அவள் மணிக்கட்டை அழுத்தியது. "ஆமாம்னு சொல்லு," என்று கிசுகிசுத்தாள்.

மல்ஹி கையை விடுவித்துக்கொண்டாள்.

"வறட்சி இல்லடி. செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிடு. உன் கண்ணையும் காட்டணும்."