ஒரு சீட்டு குறைகிறது

1

இந்தக் கதையை எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன். வாங்கிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் என்னை உறுத்துகிறது.

லோர்னாவின் சமையலறையில் உட்கார்ந்து அவள் சுட்ட பீச் பழப் பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நடந்ததையெல்லாம் அவள் சொல்லி முடித்திருந்தாள். "இதைக் கதையா எழுதட்டுமா?" என்றேன்.

"யாரு படிப்பா?"

"தமிழ்ல எழுதுவேன். இந்தக் கவுண்டியில தமிழ் படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எழுது, டிரு. என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுது."

(என் பெயர் திருமாறன். இருபது வருஷத்துக்கும் மேலாக ஒஹாயோவின் இந்தச் சின்ன ஊரில் மருந்துக் கடை நடத்துகிறேன். "டிரு" என்று என்னைச் சுருக்கியவள் லோர்னா. ஊரும் அப்படியே பிடித்துக்கொண்டது.)

ஆக, எந்த மனிதர்கள் நடுவில் அவள் பெயர் கெட்டதோ, அவர்களில் ஒருவராலும் படிக்க முடியாத எழுத்தில் அவள் குற்றமற்றவள் என்று எழுதப்போகிறேன். படிக்கப்போகிற உங்களுக்கு அவளைத் தெரியாது. இருந்தும் பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். எதற்கு இந்த ஜாக்கிரதை என்று கேட்காதீர்கள்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"லோர்னா ஸ்டக்கி அந்த ஓட்டுச் சீட்டைத் திருடியபோது ஹாலில் யாரும்" —

அடித்துவிட்டேன். ஆனால் எழுதியது என் கைதான். அவள் தந்த பீச் பலகாரத்தின் இனிப்பு நாக்கில் இருக்கும்போதே எழுதினேன். உண்மை என்னவென்று தெரிந்த பிறகும் கதைக்கு ஒரு திருடி இருந்தால் நன்றாக இருக்குமே என்று மனம் போனது. ஊர்க்காரர்களுக்கும் அப்படித்தான் போயிருக்கும். அவர்களாவது உண்மை தெரியாதவர்கள்.

இரண்டாவது வரைவு: "மக்களாட்சி என்பது கடைசியில்" — இதற்குமேல் பேனா நகரவில்லை. நல்ல வேளை.

மூன்றாவது முறை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

3

மே மாதத்தில் பிரைமரி தேர்தல். நவம்பரில் யார் யாரை எதிர்த்து நிற்பது என்பதற்கு அந்தந்தக் கட்சிக்குள்ளேயே நடக்கிற ஓட்டு. அதனால் வருகிறவர்கள், தங்களுக்கு எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று வாய் திறந்து கேட்டு வாங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே கட்சி. மற்றதின் சீட்டைக் கேட்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் நான். வாக்குச்சாவடி மேசையில் இரண்டு கட்சி ஆட்களும் இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்வதால், வேறு ஆள் கிடைக்காமல் மருந்துக் கடைக்காரனைக் கூட்டிவந்து உட்கார வைக்கிறார்கள்.

சாவடி, மெதடிஸ்ட் சர்ச்சின் ஹால். சாவடித் தலைவி லோர்னா. பிழைப்புக்கு ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள். பின் சீட்டு வரைக்கும் கேட்கிற குரல் அதனால் வந்ததுதான். வருகிற ஒவ்வொருவரையும் ஏதாவது சொல்லிச் சீண்டுவாள். அதைக் கேட்கவே அவள் வரிசையில் நிற்பவர்கள் உண்டு.

அன்று காலை அவளுடைய தம்பி வெண்டல் வந்தான். தம்பி என்றாலும் ஐம்பத்தைந்து வயது. மனைவி நோரீன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தானியக் கிடங்கில் வேலை. அவனுக்குப் பின்னால் நின்றவர் அந்தக் கிடங்கின் முதலாளி ரஸ் கெம்ப். எல்லோரும் இருக்கிற அந்தக் கட்சியில், கவுண்டி கமிஷனர் (மாவட்ட நிர்வாகி மாதிரி) இடத்துக்கு அந்தத் தேர்தலில் நின்றவரும் அவரே.

"பேரு?" என்றாள் லோர்னா, கூடப் பிறந்தவனிடம். கேட்டே ஆக வேண்டும், விதி.

"அம்மா வச்ச பேருதான்."

"அட்ரஸ்?"

"உன் வீட்டுக்குப் பின் வீடு."

"எந்தக் கட்சிச் சீட்டு?"

வெண்டல் மேசைமேல் குனிந்து என்னவோ சொன்னான்.

"என்னடா முனகுறே? சத்தமாச் சொல்லு! சொல்றதுக்கு வெக்கமா? உன் முதலாளி பின்னாடிதான் நிக்கிறாரு, அவர் காதுலயும் விழட்டும்!"

ஹால் சிரித்தது. ரஸ் சிரித்துக்கொண்டே வெண்டலின் தோளில் கை போட்டார். நானும் சிரித்தேன். வெண்டலும் சிரித்தான். பிறகு எல்லோரும் சொல்கிற கட்சியைச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனான்.

(அந்த "டா" அங்கே இல்லை. அவர்கள் மொழியில் எல்லோரும் எல்லோருக்கும் ஒரே "நீ". வெண்டல் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். "அக்கா" என்று போட்டுப் பார்த்தேன், பொய்யாக ஒலித்தது, எடுத்துவிட்டேன். "டா"வை எடுக்க மனம் வரவில்லை. அவள் குரலில் அது இருந்தது.)

4

சாயங்காலம் கதவைச் சாத்தினோம். வெளியே இன்னும் நல்ல வெயில். லோர்னாவும் நானும் கணக்குப் பார்த்தோம். எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள், எத்தனை சீட்டுக் கிழித்துக் கொடுத்தோம், தப்பாகக் குறித்துவிட்டேன் என்று திருப்பித் தந்து வேறு வாங்கியவர்கள் எத்தனை பேர், இயந்திரம் எத்தனை சீட்டை விழுங்கியிருக்கிறது. கூட்டிக் கழித்தால் எல்லாம் ஓரிடத்தில் வந்து சேர வேண்டும். சேரவில்லை. ஒரு சீட்டு குறைந்தது.

மறுபடி எண்ணினோம். இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து, சீட்டு எதுவும் மடங்கிச் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தோம். காபிக் கோப்பைகள் கிடந்த குப்பைத்தொட்டியைத் தரையில் கவிழ்த்தோம்.

"யாரோ வாங்கிட்டுப் போடாமப் போயிட்டாங்க," என்றாள் லோர்னா. "சில சமயம் நடக்கும். பிள்ளை அழுதிருக்கும், அடுப்புல ஏதாவது வச்சுட்டு வந்திருப்பாங்க." அப்படியே குறிப்பு எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.

வேறு வருஷமாக இருந்தால் அந்தக் குறிப்பை யாரும் ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். மறுநாள் ரஸ் கெம்ப் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்.

ரஸ்ஸை நான் வில்லனாக்க மாட்டேன். (முயன்றேன். மீசையெல்லாம் வைத்தேன். ஒட்டவில்லை.) சாப்பாட்டுக் கடையில் அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "ஓட்டு மெஷின் பெட்டிச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?" பதில் எல்லோருக்கும் தெரியும். லோர்னாவிடம். போன வருஷம் அவள் ஏதோ கிணற்று விஷயமாக ரஸ்ஸோடு வாக்குவாதம் செய்ததும் யாருக்கோ நினைவுக்கு வந்தது. அந்த வாரக் கடைசிக்குள் என் கடைக்கு வந்தவர்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நீ பக்கத்துலயே இருந்தியே, டிரு, ஒண்ணும் பாக்கலையா?" என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்றேன். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சிலரிடம் சொன்னேன். வாடிக்கையாளரைப் பொறுத்து.

பிறகு ஒரு நாள், பஸ்ஸின் பின்பக்கத் தூசியில் யாரோ விரலால் "திருடி" என்று எழுதிவிட்டார்கள். அது தெரியாமல் லோர்னா அன்றைக்கு முழுப் பாதையையும் ஓட்டினாள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தி நிறுத்தி. பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. கிடங்கைத் தாண்டிப் பஸ் போனபோது லாரியில் சோளம் ஏற்றிக்கொண்டிருந்த வெண்டல் நிமிர்ந்து பார்த்தான்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் லோர்னாவின் வீட்டுக்கு வந்தான். இந்தக் காட்சியில் நான் இல்லை. லோர்னா சொன்னதை வைத்து எழுதுகிறேன். தொப்பியைக் கழற்றவில்லை என்று சொன்னாள். கோட்டின் உள்பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தான். அந்தக் காகிதத்தின் தடிமன் அவளுக்குத் தெரியும்.

"எங்க கெடந்துது?"

"என்கிட்டதான்."

பிரித்துப் பார்த்தாள். ஒரு கட்டம்கூடக் கறுக்கவில்லை.

"ஒண்ணுமே குறிக்கல. அப்புறம் எதுக்குடா வாங்கினே?"

"நீ கேட்டே. சொன்னேன். கொடுத்தே."

"எந்தக் கட்சிச் சீட்டைக் கேக்க வந்தே?"

"அந்த இன்னொரு கட்சியில டெனிஸ் நிக்கிறா இல்ல, நர்ஸ். நோரீனுக்குக் கடைசி மாசம் தெனமும் தலை சீவி விட்டவ. அவளுக்குப் போடலாம்னு வந்தேன்."

"அதை மெதுவா என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"மெதுவாத்தான் சொன்னேன்."

லோர்னா இதை என்னிடம் சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். தட்டில் இல்லாத துணுக்கை முள்கரண்டியால் தேடினாள். நானும் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டேன். என்னுடையது கொஞ்சம் சத்தமான சிரிப்பு.

பிறகு அவள் தம்பியிடம் கேட்டாளாம்: "வெறுமனேயாவது மெஷின்ல போட்டுட்டுப் போயிருக்கலாமே?"

"வெறுஞ்சீட்டுப் போட்டா மெஷின் கத்தும். நீ ஓடி வருவே. 'என்னடா வெண்டல், பேனா எழுதலையா'ன்னு ஹாலுக்கே கேக்குற மாதிரி கேப்பே."

"கேட்டிருப்பேன்," என்று என்னிடம் ஒப்புக்கொண்டாள். "அதே வார்த்தை."

ரஸ்ஸிடம் உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமா என்று கேட்டிருக்கிறாள்.

"போகாது. அவரு அப்படிப்பட்ட ஆள் இல்ல. தெனமும் காலையில குட் மார்னிங் சொல்லுவாரு. நானும் திருப்பிச் சொல்லணும்." தலையிலிருந்த தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தான். "ஆனாலும் சொல்லிடுறேன், லோர்னா. நீ சொன்னா சொல்லிடுறேன்."

"சொல்லு" என்று அவள் சொல்லவில்லை.

6

கணக்குச் சரிபார்க்கும் கூட்டம் கோர்ட் கட்டடத்தில், காலை பத்து மணிக்கு. வழக்கமாக நாற்காலிகள் காலியாக இருக்கும். அன்று சுவரோரமும் நின்றார்கள். வெண்டல்தான் தன் வண்டியில் லோர்னாவைக் கூட்டிவந்தான். மூன்றாவது வரிசையில், முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

லோர்னா எழுந்து போய்ச் சீட்டைத் தேர்தல் போர்டு தலைவர் ஹாலிஸின் முன்னால் வைத்தாள்.

"இது எங்கேருந்து வந்துச்சு, லோர்னா?"

"வாங்கினவங்ககிட்டேருந்து. குறிக்காம எடுத்துட்டுப் போயிட்டாங்க. கொண்டுவந்து கொடுத்துட்டாங்க."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்."

ஹாலிஸ் எண்ணை ஒத்துப் பார்த்தார். எங்கள் சாவடியில் அன்றைக்குக் கிழித்துக் கொடுத்த சீட்டுத்தான்; யாருக்குக் கொடுத்தது என்பது அந்த எண்ணில் தெரியாது. "கணக்கு சரியா வருது," என்றார்.

ரஸ் எழுந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும். "லோர்னா, குறிக்காத சீட்டை யாரு வேணா பையில வச்சிருக்கலாம். இத்தனை நாள் உன் பையிலயே இருந்திருக்கலாம். இல்லைன்னா ஒரு பேரைச் சொல்லு, நான் உக்காந்துடுறேன்."

அவள் ரஸ்ஸைப் பார்த்தாள், ஹாலிஸைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். மூன்றாவது வரிசைப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அப்போது அது எனக்குப் புரியவில்லை.

"ரகசிய ஓட்டு, ரஸ்," என்றாள். குரல் முதல் வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை.

7

இங்கே முடிவு வர வேண்டும். சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் வெண்டல் எழுந்து எல்லாவற்றையும் சொல்கிறான். ரஸ் நடந்துவந்து அவனைக் கட்டிக்கொள்கிறார். ஒரு பக்கம் எழுதினேன். அழகான பக்கம். படித்தபோது காது சுட்டது. இன்னொன்றில் நான் எழுந்து, "அன்னைக்கு நாம எல்லாரும் சிரிச்சோமே" என்று பேசுகிறேன், கூட்டம் தலைகுனிகிறது. அதைக் கிழித்த வேகத்தில் அடுத்த பக்கமும் சேர்ந்து கிழிந்தது.

வெண்டலை எழுப்புவது எனக்குச் சிரமமே இல்லை. தமிழில் ஒரே சொல். "எழுந்தான்." ஐந்தே எழுத்துத் தட்டினால் லோர்னா நிரபராதி. இதைப் படிக்கிற நீங்களும் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள்.

அவன் எழவில்லை.

போர்டு முடிவை உறுதி செய்தது. கையால் மறுபடி எண்ணினார்கள். ரஸ் அதே ஒரு ஓட்டில் தோற்றார். லோர்னாவை இனிச் சாவடிக்கு அழைப்பதில்லை என்று தீர்மானமானது. பஸ்ஸை இன்னும் அவள்தான் ஓட்டுகிறாள். இரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும் பிள்ளைகளைத் தங்கள் காரில் கொண்டுபோய் விடுகிறார்கள். நவம்பர் தேர்தலுக்கு அந்த மேசைக்குத் தலைவனாக இருக்கிறாயா என்று என்னைக் கேட்டார்கள். சரி என்றேன்.

கூட்டம் முடிந்ததும் வெண்டல்தான் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனான். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில், முடிவே இல்லாத நீளம். அவன் எஞ்ஜினை நிறுத்தினான். பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்தில் அவன் எதுவோ சொன்னான், அவள் பதில் சொன்னாள். இவ்வளவுதான் லோர்னா சொன்னது.

"என்ன சொன்னான்?" என்று கேட்டேன். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். என் கதைக்கு முடிவு அங்கேதான் இருந்தது.

"அது உன் கதைக்கு இல்ல, டிரு."

"யாரும் படிக்க முடியாத பாஷைன்னு சொன்னேனே."

"நீ படிப்பேல்ல?"

தட்டை எடுத்துக்கொண்டு போய் குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "நானா ஏதாவது போட்டு நிரப்பிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பவில்லை. அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் இருவரையும் இங்கேயே விட்டுவிட்டு நான் இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் அவர்களோடு இருக்க விரும்பினால் இருங்கள். காதில் ஏதாவது விழுந்தால், தயவுசெய்து என்னிடம் —