ஒரு சொட்டுக்கு ஒரு மீசை

ஸ்ஃபாக்ஸ் நகரக் கடைவீதியில் பெஷீரின் ஜவுளிக்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அவர் மீசை ஒன்றே போதும். அந்த மீசையைத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி ஆறுவதற்குள், அவர் பந்தயத்தில் வைத்துவிட்டார்.

கிளப்பிவிட்டவன், அவர் மனைவி ரஃபீக்காவின் தம்பி ஷெட்லி. கார் பட்டறைக்காரன்.

"வீட்டு முற்றத்துலயே காருக்கு ஆயில் மாத்தப் போறீங்களா மச்சான்? மாத்துங்க, மாத்துங்க! பெருநாளுக்கு ஆடறுத்த முற்றம் மாதிரி ஆயிடும். நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வழுக்கிக்கிட்டே உள்ள வரட்டும்."

"டேய், ஆயில் பிடிக்கிற பேசினுக்கு வெளிய ஒரு சொட்டு விழட்டும், மீசையை எடுத்துடறேன்! விழலைன்னா, உங்க அக்காவோட பூப்போட்ட கவுனை மாட்டிக்கிட்டு நீதான் எல்லாருக்கும் காப்பி தரணும்."

"சரி, கையைக் கொடுங்க."

நடுவர் ரஃபீக்கா. பாவம், அவள் நிலைமைதான் தர்மசங்கடம். மகள் நிச்சயதார்த்தத்துக்காகப் போன வாரம்தான் முற்றத்தில் பால்வெள்ளைத் தரை போட்டிருந்தாள். மீசையோ இருபத்திரண்டு வருஷமாக அவள் வைக்கும் சூப்பில் குளித்துக்கொண்டிருந்தது. "யா அல்லாஹ், நான் எதுக்குன்னு துஆ கேட்க?" என்று முனகினாள்.

பெஷீர் வேலையில் இறங்கினார். வெண்பட்டை விரிக்கிற பதவிசு. காரைச் சரிவுப் பலகைகளில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் இளகியதும் அணைத்தார். கடையிலிருந்து வந்த அட்டைகளைப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் அகலமான பேசின். கையுறை மாட்டிக்கொண்டு அடியில் நுழைந்தார். எண்ணெய் வடிக்கிற போல்ட்டை ஸ்பானரால் தளர்த்தினார். கடைசிச் சுற்றுகளை விரலாலேயே, மேல்நோக்கி அழுத்திக்கொண்டே திருகி, வெடுக்கென்று கையை இழுத்தார். கறுப்பு எண்ணெய் ஒரே கயிறாகப் பேசினுக்குள் இறங்கியது.

"பார்த்தியாடா பட்டறைக்காரா!" என்று அடியிலிருந்தே ஒரு குரல் கொடுத்தார்.

போல்ட்டைத் துடைத்துத் திருப்பி மாட்டினார். பழைய ஃபில்டருக்கு ஒரு பிளாஸ்டிக் பையை முகமூடி போல மாட்டிக் கழற்றினார். வழிந்ததெல்லாம் பைக்குள்ளேயே நின்றது. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி முடுக்கினார். மேலே வந்து, புனல் வைத்துப் புது எண்ணெய் ஊற்றினார். பழையதை மூடியுள்ள கேனில் அடைத்து ஷெட்லியின் கையிலேயே திணித்தார். "பட்டறைக்கு எடுத்துட்டுப் போ. என் அன்பளிப்பு."

அட்டைகளை உருவினார்கள். ரஃபீக்கா மண்டியிட்டு, வெள்ளைக் கைக்குட்டையால் தரையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை துடைத்தாள். கைக்குட்டை வெள்ளையாகவே வந்தது.

"ஷெட்லி, கவுன் உனக்கு இடுப்புல பிடிக்கும்டா, மூச்சை இழுத்துக்க!" பெஷீர் இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்று ஆடினார்.

ரஃபீக்கா அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"கொஞ்சம் நில்லுங்க. மீசையில என்ன மினுங்குது?"

கறுப்பாக, உருண்டையாக, ஒரே ஒரு சொட்டு. அடியில் படுத்துச் சவால் விட்டபோது விழுந்திருக்க வேண்டும்.

"பேசினுக்கு வெளிய!" என்று ஷெட்லி துள்ளினான்.

"தரையைக் காப்பாத்தின மீசைடா இது! இதுக்கு மாலை போடணும்!"

"பந்தயம் பந்தயம்தான். முழுசா எடுக்கணும்," என்றாள் ரஃபீக்கா.

"முழுசா? அநியாயம்! ஒரு சொட்டுக்கு ரெண்டு முடி தர்றேன்."

"முக்கால்வாசி."

"நுனி மட்டும்."

"நுனியை வச்சு நான் என்ன செய்ய? நான் உள்ள போறேன், நீங்களே மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குச் சமைங்க."

"சரி, பாதி! தரை சுத்தமா இருக்கறதால இவனும் கவுன் போடணும். போடலைன்னா பேரமே கிடையாது!"

முடிந்தது. கத்தரி ஷெட்லியிடம் போனது. சிரித்த சிரிப்பில் அவன் கை ஆடி, வலப்பக்கம் கொஞ்சம் கூடப் போய்விட்டது. சமன் செய்ய இடப்பக்கம். அது கூடிப்போனதும் மறுபடி வலப்பக்கம். தராசுத் தட்டு நேராகவே மாட்டேன் என்றது. கடைசியில் கண்ணாடியிலிருந்து எட்டிப் பார்த்த ஆளைப் பெஷீருக்கே அடையாளம் தெரியவில்லை. பாதிக்குப் பேசி முழுசையும் தவணையில் கொடுத்திருந்தார்.

நாலு மணிக்கு மாப்பிள்ளையின் அப்பா ஸாலிம் மகனோடு வந்தார். பதினைந்து வருஷமாகப் பெஷீரிடம் துணி வாங்குகிறவர். பெஷீர் அவரைக் கட்டித் தழுவினார். ஸாலிம் மரியாதையாக விலகி, "வீட்டுக்காரர் பெஷீர் எங்கே தம்பி?" என்றார்.

பதில் வருவதற்குள், பூப்போட்ட கவுனில் ஒரு தாடிக்காரப் பட்டறைக்காரன் காப்பித் தட்டோடு அவர் முன்னால் வந்து குனிந்தான்.

ஸாலிம் தட்டைப் பார்த்தார், கவுனைப் பார்த்தார், மெதுவாக மகன் பக்கம் திரும்பினார். "வீடு மாறி வந்துட்டோம்டா."

"தரையைப் பாருங்க சம்பந்தி!" பெஷீர் பதறிப்போய் வாசலை மறித்தார். "நானே ஆயில் மாத்தினேன். ஒரு சொட்டு இருக்கா, சொல்லுங்க!"

குரல் கேட்டதும் ஸாலிமுக்கு ஆள் புரிந்தது. சிரிப்பில் உட்கார நாற்காலிகூட அவருக்குத் தட்டுப்படவில்லை. சுத்தமான வெள்ளைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ரஃபீக்கா சூப் கொண்டுவந்து, முதல் கிண்ணத்தைப் புருஷனுக்கு நீட்டினாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, மீசை குறுக்கே வராமல், அவர் கிண்ணத்தை வாயில் வைத்துக் குடித்தார்.

"உப்பு கொஞ்சம் ஜாஸ்தி," என்றார்.