காலி இடமும் சுருங்கிய மூக்கும்

மந்தைவெளி கல்யாணராமனுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. ஓய்வுக்குப் பிறகு அதைச் செலவழிக்க ஆள் அகப்படாமல் தவித்தவர், ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு ஒரு வெளிநாட்டு விருந்தாளி வருகிறார் என்றதும், “மொழிபெயர்க்க நான் இருக்கேன்” என்று குதித்துவிட்டார். சந்திப்பு மீன் கூடைகளுக்கு நடுவில் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

விருந்தாளி லீத்தியா, கனடாவின் வடகோடிப் பனிக்கரையில் வாழும் இனூயிட் பெண்; தன் மக்களுக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கட்டுகிறவர். பருவநிலை மாநாட்டுக்காகச் சென்னை வந்திருந்தார். மீன் விற்கும் பங்கஜத்துக்கு அவரிடம் ஒரு காரியம் இருந்தது. அரசாங்கம் போட்ட புதிய கடற்கரை வரைபடத்தில், குப்பத்தார் வலை காயப்போடும் மணல் ‘காலி இடம்’ என்றிருந்தது. அன்றே மூன்று மணிக்கு அதிகாரியின் கருத்துக்கேட்புக் கூட்டம். விட்டால் மணல் போச்சு.

“அவங்கூர்ல மேப்பு போட சொல்ல, ஜனத்த கேட்டாங்களாமா? கேளு ஐயரே.”

கேட்டார். லீத்தியா வாயைத் திறக்கவில்லை. மூக்கை மட்டும் சுருக்கினார்.

கல்யாணராமன் குரலைத் தாழ்த்தினார். “அவாளுக்கு… வாடை ஒத்துக்கலை போலருக்கு.”

பங்கஜத்தின் முகம் தொங்கிப்போனது. கூடையை ஈரச் சாக்கால் மூடினாள். “நம்மள மாரி கடக்கர ஜனம்னு நென்ச்சேன். சரி, இட்டுக்கினு போ.”

ஏன் மூடுகிறார் என்று லீத்தியா கேட்க, கல்யாணராமன் மென்று விழுங்கிச் சொன்னார். லீத்தியா தோள் குலுங்கச் சிரித்தார். தங்கள் பக்கம் மூக்கைச் சுருக்கினால் ‘இல்லை’, புருவத்தைத் தூக்கினால் ‘ஆமாம்’ என்றார். அவர்களையும் யாரும் கேட்கவில்லையாம். வேட்டைக்குப் போகும் பனியெல்லாம் வரைபடத்தில் வெறும் வெள்ளை. அதனால் ஒவ்வொரு வேட்டைக்காரரும் தான் போய்வந்த வழியைத் தானே வரைந்தாராம். அதைக் கொண்டுபோய் அரசாங்கத்தின் மேஜையில் விரித்தார்களாம்.

கல்யாணராமன் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். “வாடை அவாளுக்கில்லை பங்கஜம், நேக்குத்தான்.”

“தெரியும் ஐயரே. வந்ததுலேர்ந்து மூச்சு வுடாமத்தானே நின்னுக்கினு கீற.”

சார்ட் பேப்பர் வந்தது. வலை எங்கே, படகு எங்கே, கருவாடு எங்கே என்று ஆளாளுக்குச் சொல்ல, கல்யாணராமன் மணலில் சம்மணமிட்டு வரைந்தார். படகுகள் செருப்பு மாதிரி இருப்பதாகப் பொது அபிப்பிராயம்.

கூட்டத்தில் அதிகாரி கேட்டார்: “அந்த இடம் காலிதானே?”

பங்கஜம் மூக்கைச் சுருக்கினாள். பின்னால் உட்கார்ந்திருந்த குப்பத்துப் பெண்கள் நாற்பது பேரும் சுருக்கினார்கள். கடைசி வரிசையில் லீத்தியாவும். அதிகாரி நைசாகத் தன் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

கல்யாணராமன் எழுந்தார். “வாடை இல்லை சார். ‘இல்லை’ன்னு சொல்றா.” வரைபடத்தை மேஜைமேல் விரித்தார்.

அதிகாரி குனிந்து பார்த்தார். “இத்தனை செருப்பு எதுக்கு?”

“படகு சார்!” என்றது கூட்டம்.

“ஓகோ. அப்போ காலியில்லைங்கறீங்க?” அதிகாரி பேனாவைத் திறந்தார்.

நாற்பது ஜோடிப் புருவங்கள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது கல்யாணராமனுடையது.