மூன்றாவது ஓலையும் வலது கால் கியரும்

காரைக்குடி மாதா கோயிலில் மூன்றாவது கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று பங்குச்சாமியார் மூன்று ஞாயிறும் கேட்டார். ஊரே வாய் திறக்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்ததும் மணப்பெண்தான் திறந்தாள்.

"எனக்கு ஒரு தடை இருக்கு," என்றாள் பெல்சி.

மாப்பிள்ளை மரிய ஆனந்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கல்யாணத்தன்னைக்குப் பூ ஒட்டுன கார்ல, கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு என்னால வர முடியாது. ஒங்க புல்லட்ட நான் ஓட்டுவேன். நீங்க பின்னாடி உக்காந்து வாரீக."

போன உயிர் திரும்பி வந்ததும் ஆனந்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒன் கையி ஸ்கூட்டியில பழகுனது, காலு ஒங்க அண்ணன் பைக்குல பழகுனது. இது பழைய புல்லட்டு. வலது கால்ல கியரு, இடது கால்ல பிரேக்கு. எல்லாம் தலைகீழு. சரி, இப்பவே அமராவதிபுதூர் வரைக்கும் ஓட்டு. எங்கயாச்சும் அணைஞ்சா கார்தான்."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆறு வருடம் தேவகோட்டைப் பள்ளிக்கூடத்து வேலைக்கு ஸ்கூட்டியில் போய்ப் போய், நிறுத்த வேண்டுமென்றால் அவள் இடது கை தானாக லீவரை இறுக்கும். அண்ணனின் பைக் பழக்கிய இடது காலோ, வேகம் குறைய வேண்டுமென்றால் கியரை மிதித்து இறக்கும். இரண்டு வாத்தியார்கள், இரண்டு பாடம். இருந்தாலும் அவளுக்கு அந்தப் புல்லட்டின் மேல் கொள்ளை ஆசை.

கிக்கரை மெல்ல அழுத்தி ஆம்பியர் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, சேலையை இழுத்துச் செருகி, நாலாவது மிதியில் கிளப்பிவிட்டாள். வண்டியின் அதிர்வு உள்ளங்காலில் ஏறி வயிற்றில் குறுகுறுத்தது. சத்தம் போட்டுச் சிரிக்கலாம் போலிருந்தது. 'வலது கியர், இடது பிரேக்' என்று ஜெபமாலை மாதிரி முணுமுணுத்தபடி அமராவதிபுதூர் எல்லைவரை வந்துவிட்டாள்.

அங்கே ஒரு கூட்டம் ஆடு சாலையில் இறங்கியது. ஜெபம் மறந்துபோனது.

ஸ்கூட்டிப் பழக்கத்தில் இடது கை லீவரை இறுக்கியது. அது பிரேக் அல்ல, கிளட்ச். பைக் பழக்கத்தில் இடது கால் கியரைக் குறைக்க மிதித்தது. அது கியர் அல்ல, பிரேக். கிளட்சையும் பிடித்துப் பிரேக்கையும் மிதித்தால் எந்தப் புல்லட்தான் நிற்காது? கடைசி ஆட்டின் வாலுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. எஞ்சின் அணையவில்லை.

"யாத்தே!" என்றான் ஆனந்த். "பத்து வருசமா ஓட்டுறேன், எனக்கே இம்புட்டு அழகா நிறுத்த வராது."

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பெல்சிக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. "நான் பிரேக்கே பிடிக்கலைங்க. கையி ஸ்கூட்டின்னு நினைச்சுச்சு, காலு பைக்குன்னு நினைச்சுச்சு."

சொன்ன பிறகுதான் பந்தயம் நினைவுக்கு வந்தது. போச்சு, கார்தான் என்று அவள் மனசு ஒடிந்தது.

"வண்டி அணைஞ்சுச்சா?" என்று கேட்டான்.

"அணையல."

"அப்பப் பந்தயம் ஒனக்குத்தான். திரும்பிப் போகையிலயும் நீயே ஓட்டு, நான் கெட்டியாப் பிடிச்சுக்கிறேன்."

அவள் வண்டியைத் திருப்பினாள். சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஆனந்த் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணு பெல்சி. கல்யாணத்தன்னைக்குக் கோயில் வாசல்ல நிறுத்தணுமே, ஒரு நாலு ஆட்டுக்குச் சொல்லி வைப்பமா?"